நெய்தல் நகரங்களில் மின்கம்பிப் பேருந்து: நினைவும் வரலாறும்

கடற்கரை நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தையும் கோட்டையையும் கோயிலையும் விரித்துரைப்பர். அந்நகரத் தெருக்களில் நாடோறும் மக்களைச் சுமந்தோடிய ஊர்திகளைப் பற்றி உரைப்பார் மிக அருகியே காணப்படுகின்றனர். ஊர்தி பற்றிய செய்திகள் வரலாற்று நூல்களில் இடம்பெறாது, முதியோர் பேச்சிலும் நினைவுக் குறிப்புகளிலுமே எஞ்சி நிற்கின்றன. அவ்வகையில், நம் மக்கள் வாழ்ந்த கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், பம்பாய் ஆகிய நான்கு கடற்கரை நகரங்களிலும் ஒருகாலத்து ஓடி மறைந்த மின்கம்பிப் பேருந்தினைப் பற்றிய நினைவு எத்தகைய சான்றாகும், அஃது எதனைக் காக்கும், எதனைக் கைவிடும் என்பதனை இக்கட்டுரை ஆராய்கின்றது. பழந்தமிழ் நூல்களில் இவ்வூர்திக்கு முன்னோடி தேடும் முயற்சி ஈண்டு மேற்கொள்ளப்படவில்லை. வானவூர்தியைத் தேடியவர்கள் பட்ட பாடே போதும்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். மக்கள் இதனை ‘டிராலி பஸ்’ என்றே வழங்கினர். டகரம் மொழிக்கு முதலாகாது என்பதும், மெய்ம்மயக்கம் மொழி முதற்கண் வாராது என்பதும் நம் இலக்கண விதிகள். ‘டிராலி’ என்னும் சொல் முதல் விதியை மீறுகின்றது; ‘ட்ராலி’ என எழுதினால் இரண்டனையும் ஒருங்கே மீறுகின்றது. ஆயினும் மக்கள் நாவிற்கு இவ்விதி எதுவும் தடையாகவில்லை. ஆங்கிலத்தில் அச்சொல் ஊர்தியைக் குறித்து எழுந்ததன்று. மேற்கம்பியைத் தொட்டு உருளும் சிறு சக்கரத்தையே குறித்தது. உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகிவந்தமையின் இதனைச் சினையாகுபெயர் எனலாம். இக்கட்டுரையில் ‘மின்கம்பிப் பேருந்து’ என்னும் சொல் ஆளப்படுகின்றது. மக்கள் வழக்கும் வேண்டுமிடத்து விலக்கப்படவில்லை.

இனி, இவ்வூர்தி இயங்கிய முறையை அறிதல் இன்றியமையாதது. அதனை அறியாதார்க்கு நினைவு கூறுவோரின் பேச்சுப் பாதி விளங்காது. டிராம் வண்டிக்கு மேலே ஒரு கம்பி போதும். கம்பி வழி வந்த மின்னோட்டம் இரும்புச் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கி மீண்டு செல்லும். இரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் ஊர்திக்கு அவ்வழி இல்லை. ஆதலின் வருவதற்கு ஒன்றும் மீள்வதற்கு ஒன்றுமாக இரண்டு கம்பிகள் தெருவின் மேலே இணையாகக் கட்டப்பட்டன. ஊர்தியின் கூரையிலிருந்து இரண்டு நீண்ட கோல்கள் எழுந்து அவற்றைத் தொட்டுச் சென்றன. பெரும்பாலும் 500 முதல் 600 வோல்ட்டு வரையிலான நேர்மின்னோட்டம் அக்கம்பிகளில் ஓடியது. கோல்கள் இருபுறமும் வளைந்து கொடுத்தமையின் ஊர்தி சில அடிகள் விலகிச் செல்லவும், ஓரத்தில் ஒதுங்கி நின்று மக்களை ஏற்றவும் இயன்றது. நடுத்தெருவில் இறங்கி ஓடவேண்டிய டிராம் பயணிக்கு இது பெரும்பேறாகவே தோன்றியிருக்கும்.

திருப்பத்தில் விரைந்தாலோ, பிற வண்டிக்கு மிகுதியாக விலகினாலோ கோல் கம்பியினின்று நழுவிவிடும். உடனே ஊர்தி நிற்கும். உள்ளே விளக்கும் மங்கும். பணியாளர் இறங்கி, நீண்ட கழியாலோ கயிற்றாலோ கோலைப் பிடித்து மீண்டும் கம்பியிற் பொருத்துவார். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் சந்திகளில் நீலப்பொறி தெறிக்கும். கடற்கரையூரில் இவற்றோடு மற்றோர் இடரும் உண்டு. உப்புக் காற்றுத் தாங்கிகளில் படிந்து மின்கசிவை உண்டாக்கும். ஈரநாளில் ஏறுவோர் கைப்பிடியைத் தொட்டவுடன் சிறு அதிர்ச்சி பெறுதலும் நேரும். இவையனைத்தையும் விட மக்கள் மனத்திற் பதிந்தது அதன் ஓசையின்மை. பல்லிணை மாற்றும் உறுமலின்றி, புகையின்றி, நின்ற இடத்தினின்று நழுவுவது போலப் புறப்பட்டது.

வெர்னர் வான் சீமென்சு 1882ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் பெர்லினை அடுத்த ஆலன்சே என்னுமிடத்தில் இத்தகைய ஊர்தி ஒன்றனை ஓட்டிக் காட்டினார். இங்கிலாந்தில் இலீட்சு, பிராடுபோர்டு ஆகிய இருநகரங்களிலும் 1911ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் இது தொடங்கிற்று. அந்நாட்டின் கடைசி ஊர்தி பிராடுபோர்டிலேயே 1972ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் ஓய்ந்தது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏசுடிங்சு, பிரைட்டன், போர்ன்மத்து முதலிய ஆங்கிலக் கடற்கரையூர்கள் இவ்வூர்தியைப் பெற்றிருந்தன. போர்ன்மத்தில் 1933 முதல் 1969 வரை மஞ்சள் வண்ணம் பூசிய ஊர்திகள் ஓடின. அவ்வூர் மக்கள் அவற்றை மறக்கவில்லை. இலிங்கன்சயர் மாவட்டத்துச் சாண்டாப்டு என்னுமிடத்தில் ஆர்வலர் சிலர் பழைய ஊர்திகளைத் திரட்டிக் கம்பி கட்டி ஓட்டும் காட்சிச்சாலை ஒன்றனையே அமைத்துள்ளனர். சிலி நாட்டுக் கடற்கரை நகரான வால்பரைசோவில் 1952இல் தொடங்கிய தடம் இன்றும் அறவில்லை. ஆங்குள்ள பழைய ஊர்திகளை அந்நாட்டரசு 2003இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இங்ஙனம் அயல்நாட்டார் போற்றுவதனைக் கண்டு நாம் வெட்கமுறல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. அவர்கள் ஊர்தி போயிற்று, ஊர் போகவில்லை. போர்ன்மத்துச் சிறுவன் முதியவனாகியும் அதே தெருவில் நின்று, இங்கே கம்பி இருந்தது எனச் சுட்டிக் காட்ட இயலும். நம்மவர் நினைவு அத்தகையதன்று. இவ்வேறுபாடே இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

சென்னை டிராம்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டின் எந்நகரிலும் மின்கம்பிப் பேருந்து ஓடியதில்லை. அதற்கு மிக நெருங்கியது சென்னை டிராம். 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தொடங்கிய இதுவே இந்தியாவின் முதல் மின் டிராம். தொடக்கத்தில் தெருவின் கீழே அமைத்த கால்வாய் வழியே மின்னோட்டம் செலுத்தினர். மழைக்காலத்தில் நீர் புகுந்து இடர் விளைத்தமையின் பின்னர் மேற்கம்பி முறைக்கு மாறினர். 1921ஆம் ஆண்டளவில் 24 கிலோமீட்டர்த் தடத்தில் 97 வண்டிகள் ஓடின. பின்னர் நிறுவனம் நொடித்து, 1953ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாளுடன் அது முடிவுற்றது.

சென்னை டிராமுக்கு வாய்த்த நற்பேறு இரண்டு. ஒன்று, புதுமைப்பித்தன் அதனைக் கண்டார். அவரது ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் 1943ஆம் ஆண்டுக் கதை, பிராட்வேயும் எசுப்பிளனேடும் கூடும் சந்தியில் தொடங்குகின்றது. டிராமில் ஏறினால் மிச்சமாகும் காலணாவுக்கு வெற்றிலை போடலாமா, பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏய்த்துச் சற்றுத் தொலைவு சென்றபின் சீட்டு வாங்கினால் அரைக்குவளைக் காப்பிக்குத் தேறுமா எனக் கந்தசாமிப் பிள்ளை கணக்கிட்டுக்கொண்டு நிற்கின்றார். ஈற்றில் கடவுளுடன் அவர் ஏறுவது மனிதன் இழுக்கும் ரிக்சாவில். அக்கதையை நகைச்சுவைக்காகப் பயில்வோர் பலர். சென்னையின் போக்குவரத்து வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் சிலரே. கட்டணம், போட்டி ஊர்திகள், நடுத்தரக் குடும்பத்தானின் பணமுடை ஆகிய மூன்றனையும் ஒரு பத்தியில் தரும் ஆவணம் வேறு யாண்டுள்ளது?

மற்றொன்று, டிராம்வேத் தொழிலாளரின் குரலும் பதிவாயிற்று. 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதனை ஒட்டி எழுந்த சங்கங்களுள் டிராம்வேத் தொழிலாளர் சங்கமும் ஒன்று. அவ்வியக்கத்தின் உள்ளிருந்தவரான திரு. வி. கலியாணசுந்தரனார் தம் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ என்னும் 1944ஆம் ஆண்டு நூலில் அக்காலத்துத் தொழிலாளர் போராட்டங்களை விரித்தெழுதியுள்ளார். ஆகவே சென்னை டிராமின் வரலாற்றை எழுதுவோனுக்கு ஏறியவன் பேச்சும் கிடைக்கின்றது. ஓட்டியவன் பக்கத்து நியாயமும் கிடைக்கின்றது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையின் அந்நினைவு வெறும் ஏக்கமாக நின்றுவிடவில்லை.

தண்டவாளம் என்னும் பருப்பொருளும் அதற்கு உண்டு. சாலை தோண்டுமிடத்து இரும்பு தென்படும். தென்பட்டவுடன் பேச்சும் எழும். மின்கம்பிப் பேருந்தோ தரையில் கீறலும் இடாத ஊர்தி. கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக் கம்பத்தைப் பெயர்த்தபின் அது சென்ற வழியில் யாதொரு தடமும் இராது. அகழாய்வாளனுக்கு அஃது ஒன்றும் விட்டுச் செல்லவில்லை. முதியோர் நாவிற்கே அனைத்தையும் விட்டுச் சென்றது.

கொழும்பு

சென்னையில் கம்பி அறுந்த 1953ஆம் ஆண்டிலேயே கொழும்பில் புதிய கம்பி கட்டப்பட்டது. இவ்வொற்றுமை தற்செயலே எனினும் நோக்கத்தக்கது. கொழும்பில் 19ஆம் நூற்றாண்டின் ஈற்றில் மின் டிராம் தொடங்கிப் பல்லாண்டுகள் தனியார் கையில் இருந்தது. 1929ஆம் ஆண்டு ஏ. ஈ. குணசிங்கா தலைமையில் டிராம்வேத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் கலவரம் மூண்டு, பொலீசார் சுட்டதில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 1944இல் மாநகரசபை டிராமை ஏற்றது. அச்சபையே 1953இல் மின்கம்பிப் பேருந்தை இறக்கியது. அவற்றுள் ஈரடுக்கு ஊர்திகளும் இருந்தன. டிராம் 1960இல் மறைந்தது. மின்கம்பிப் பேருந்து 1964இல் மறைந்தது. பதினோராண்டு வாழ்வே அதற்கு வாய்த்தது.

கோட்டையையும் புறக்கோட்டையையும் சூழ்ந்த அந்நிலப்பகுதி தமிழ் வணிகரும் தொழிலாளரும் நிறைந்தது. செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும், கொட்டாஞ்சேனைக் குடியிருப்புகளும், துறைமுகக் கிடங்குகளும் அப்பகுதியில் அடுத்தடுத்து உள்ளன. செட்டியார் தெருவினின்று புறப்பட்டுக் கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் ஆடிவேல் தேரைப் பற்றி எழுதியோர் பலர். ஆண்டுக்கொரு முறை சென்ற தேர் எழுத்தில் ஏறிற்று. நாள்தோறும் சென்ற ஊர்தி ஏறவில்லை. இது குறையன்று, எழுத்தின் இயல்பு. விழா நினைவுக்குரியது எனவும், அன்றாடம் மறத்தற்குரியது எனவும் எழுதுவோர் கருதினர். அன்றாடம் அற்றுப்போன பின்னரே அதன் அருமை தோன்றும்.

தமிழ்நாட்டுத் தென்மாவட்டத்தார்க்குக் கொழும்பு அயலூர் அன்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பல் வழி ஏற்படும் முன்னர், விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்குச் சென்ற புகைவண்டியே கொழும்புக் கப்பலுக்கு வழியாயிருந்தது. மானம் பார்த்த கரிசல் நிலத்தினின்று கடைவேலைக்கும் துறைமுக வேலைக்கும் அக்கரை சென்றோர் பலர். யான் பிறந்த அச்சங்குளத்துப் பகுதியில், பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் வேரூன்றிய பின்னரும் கொழும்புக் கதை பேசும் முதியோர் இருந்தனர். அவர்களுள் ஒருவர், புறக்கோட்டையில் கடைச்சிப்பந்தியாய் இருந்தவர், ‘கம்பி பஸ்’ என்றே அதனைச் சொல்லுவார். இரண்டு கோலும் கம்பியில் உரசும் ஓசையை நாவினால் செய்து காட்டுவார். மழைநாளில் தெறித்த பொறியை வருணிக்கையில், வெடிமருந்துப் பழக்கமுடைய எங்களூர்ச் சிறுவர்களே வாய்பிளந்து கேட்பர். கோல் நழுவியதும் இறங்கி வேடிக்கை பார்த்தது, மேலடுக்கில் முன்னிருக்கைக்கு முந்தியது, ஞாயிறன்று காலிமுகத்திடலுக்குச் சென்று கடல் பார்த்தது என அவர் கூறுவனவெல்லாம் தெளிவானவை. எப்பொழுது, ஏன் ஊர் திரும்பினீர்கள் என எவரேனும் வினவினால் பேச்சு முடிந்துவிடும்.

அப்பதினோராண்டுகள் எத்தகையன என்பதனை நினைவுகூர்ந்தால் அம்மௌனத்தின் பொருள் விளங்கும். 1930களிலேயே குணசிங்காவின் தொழிலாளர் இயக்கம் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. 1939இல் அரசுத் துறைகளில் நாட்கூலியாயிருந்த இந்தியரை விலக்கும் திட்டம் வந்தபோது சவகர்லால் நேரு கொழும்புக்குச் சென்று பேச நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வழித் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மின்கம்பிப் பேருந்து புதிதாக ஓடிய 1953ஆம் ஆண்டிலேயே, அரிசி மானியத்தைக் குறைத்தமையால் ஆகத்து 12ஆம் நாள் நாடெங்கும் கடையடைப்பு நிகழ்ந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. அதனை எதிர்த்துத் தமிழ்த் தலைவர்கள் சூன் 5ஆம் நாள் அறப்போர் இருந்து தாக்குண்ட இடம், மேற்கூறிய காலிமுகத்திடலே. 1958இல் ஊர்தி எண்பலகையில் சிங்களச் ‘சிறீ’ எழுத்தைப் பொறித்தமையால் எழுந்த பூசல் தெருவிற்கு வந்தது. வடபகுதிக்கு அனுப்பிய அரசுப் பேருந்துகளின் எழுத்தைத் தமிழர் தார் பூசி அழித்தனர்; தென்பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. அவ்வாண்டு மே திங்களில் கொலையும் கொள்ளையும் பரவின. பேருந்து என்பது வெறும் ஊர்தியாக இருந்த காலம் அன்று முடிந்தது எனலாம்.

அறுபத்து நான்காம் ஆண்டு இவற்றுக்கெல்லாம் முத்திரை இட்டது. அவ்வாண்டிலேயே கொழும்பின் மின்கம்பிப் பேருந்து நின்றது. அக்டோபர் 30ஆம் நாள் சிறீமாவோ–சாத்திரி உடன்பாடு கையொப்பமாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்ப் பேசத்தக்கது என ஒதுக்கப்பட்டது. மனிதரைத் தலையெண்ணிப் பங்கிட்டதனை உடன்பாடு என்னும் அழகிய சொல்லால் குறிக்கின்றோம். டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியும் அழிந்தது. ஒரே ஆண்டில், ஏறிச்சென்ற ஊர்தியும், இருக்கும் உரிமையும், கப்பலேறிய துறையும் ஆகிய மூன்றும் நீங்கின. இவற்றிடையே காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனால் அவ்வாழ்வை வாழ்ந்தவன் மனத்தில் மூன்றும் ஒன்றாகவே பதிந்திருத்தல் கூடும்.

எனவே, அம்முதியவர் பேருந்தைப் பற்றி மிகுதியாகப் பேசியது பேருந்தின் பொருட்டு அன்று என்பது எம் துணிபு. சொல்ல இயலாததனைச் சூழ்ந்து, சொல்ல இயலுவதனையே மீண்டும் மீண்டும் சொன்னார். சங்கப் பாட்டில் தலைவி தன் துயரைக் கூறாது கழியையும் புன்னையையும் கூறுதல் போன்றதொரு நெறி இது. கருப்பொருள் வாயிலாக உரிப்பொருளை உணரும் பயிற்சி தமிழ் கற்றார்க்கு உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதனைப் பாட்டில் மட்டும் காணாது பேச்சிலும் காண முயலலாம். ஏக்க நினைவை மெய்ம்மையற்ற புனைவு எனத் தள்ளும் வரலாற்றாசிரியரும், அதனை அப்படியே வரலாறு எனக் கொள்ளும் கட்டுரையாளரும் இந்நெறியை அறியாதவராவர்.

பிற நகரங்கள்

பினாங்கில் 1920களின் நடுப்பகுதியில் தொடங்கிய மின்கம்பிப் பேருந்து 1961 வரை ஓடியது. ஆங்கு டிராம் 1936இலேயே முடிந்தது. 1950களில் இலண்டனில் பயன்பட்ட ஈரடுக்கு ஊர்திகள் சிலவற்றை அந்நகராட்சி விலைக்கு வாங்கி ஓட்டியது. ஆங்கிலேயன் கழித்த சட்டையை அணிந்த காலம் அது, ஊர்தியும் விதிவிலக்கன்று.

சிங்கப்பூரில் 1926 ஆகத்து முதல் 1962 டிசம்பர் வரை இது நிலவியது. அதனை நடத்திய நிறுவனத்தின் பணிமனை மெக்கன்சி சாலையில், தமிழர் மிகுந்த சிராங்கூன் சாலையை ஒட்டி அமைந்திருந்தது. 1955இல் அந்நிறுவனத்துத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 142 நாட்கள் நீடித்தது. 142 நாட்கள் ஊர்தி ஓடாத நகரத்தில் மக்கள் எங்ஙனம் வேலைக்குச் சென்றனர், அவ்வூதியமற்ற நாட்களில் தொழிலாளர் குடும்பங்கள் யாது உண்டன என்பன பழைய ஊர்திகளின் படங்களைக் கண்டு பெருமூச்செறியும் கட்டுரைகளில் இடம்பெறுதல் அரிது. ஏக்கம் இயல்பாகவே பயணிக்கு உரியது. அதிலும் சிறுவனாயிருந்த பயணிக்கு உரியது. அவனுக்குக் கட்டணத்தைத் தந்தை கொடுத்தார். ஊர்தியை யாரோ ஓட்டினார்.

பம்பாயின் வரலாறு மிகச் சுருங்கியது. பெசுட்டு நிறுவனம் 1962ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் கோவாலியா குளத்திற்கும் மசகான் கப்பல் துறைக்கும் இடையே 12 ஊர்திகளை விட்டது. 1971 மார்ச்சு 24ஆம் நாள் நிறுத்தியது. ஒன்பதாண்டு என்பது ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவம்; நினைவுக்கு அது போதும்.

இவை ஏன் மறைந்தன எனின், விடை பெரும்பாலும் ஒன்றே. டீசல் பேருந்தைப் புதிய குடியிருப்புக்கு மறுநாளே திருப்பிவிடலாம். மின்கம்பிப் பேருந்துக்கு முதலில் கம்பம் நடல் வேண்டும், கம்பி கட்டல் வேண்டும், மின்மாற்று நிலையம் அமைத்தல் வேண்டும். ஊர்தியையும் உதிரிப்பாகங்களையும் செய்த ஆங்கில நிறுவனங்களே அத்தொழிலைக் கைவிடத் தொடங்கியபின் ஆசிய நகராட்சிகள் யாது செய்யும்? புகையைப் பற்றி அக்காலத்தில் எவரும் கவலவில்லை. 2025இல் சென்னை மாநகரில் மின்கலத்தால் இயங்கும் தாழ்தளப் பேருந்துகள் பலவாக ஓடத் தொடங்கியபோது அவற்றின் ஓசையின்மையைப் புதுமையாகப் பேசினர். ஓசையின்மைக்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் மின்கம்பிப் பேருந்துக்கு ‘ஓசையில்லாச் சாவு’ என்னும் பட்டப்பெயர் வழங்கியது. பின்னே வருவதனை அறியாது தெருவிலிறங்கியோர் அடிபட்டனர். இக்காலத்து மின்னூர்திகள் மெதுவாகச் செல்லுங்கால் செயற்கை ஒலி எழுப்புதல் வேண்டும் என ஐரோப்பிய நாடுகள் 2019 முதல் விதித்துள்ளன. நினைவிலுள்ள இனிய மௌனத்தின் விலையை அடிபட்டவன் கொடுத்தான்.

வினவவேண்டுவன

1964இல் பத்து வயதினராய்க் கொழும்புத் தெருவில் இவ்வூர்தியிற் சென்றவர் இன்று எழுபதைக் கடந்தவர். பினாங்கு, சிங்கப்பூர் நினைவினர் இன்னும் மூத்தவர். கல்வெட்டுக்குக் கேடு வந்தால் மைப்படியேனும் எஞ்சும். இச்சான்றுக்கு மைப்படியும் இல்லை. ஆய்வு மாணவர் இதனைத் தொகுக்கப் புகுவராயின், ‘அக்காலம் எப்படி இருந்தது’ எனப் பொதுப்பட வினவுதலைத் தவிர்த்தல் நன்று. அவ்வினாவிற்கு எவரும் ‘பொற்காலம்’ என்றே விடையிறுப்பர். கட்டணம் எத்தனை சதம், யார் கொடுத்தார், எவ்விடத்தில் ஏறினீர், அருகில் அமர்ந்தோர் எம்மொழி பேசினர், நடத்துநர் உங்களை எம்மொழியில் விளித்தார், எந்த ஆண்டில் எந்தப் பொழுதுக்குப்பின் அதில் ஏறுவதனை வீட்டார் தடுத்தனர் எனக் கூறுகூறாக வினவுதல் வேண்டும். பெண்டிரைத் தனியே வினவுதல் வேண்டும். மேலடுக்கில் முன்னிருக்கைக்கு முந்திய கதை ஆண்மக்களின் கதையாகவே நமக்கு வந்துள்ளது. சொற்களையும் விடாது குறித்தல் நன்று. ‘கம்பி பஸ்’ என்பது எங்களூர் முதியவரின் தனிவழக்கோ, புறக்கோட்டையின் பொதுவழக்கோ என்பதனை நாலைந்து நாவினின்று கேட்டாலன்றித் துணிதல் இயலாது.

இத்தொகுப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. உடன்பாட்டின்படி தாயகம் திரும்பியோரிற் பெரும்பான்மையர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தார். அவர்களை மண்டபம் முகாமிலும் நீலகிரித் தோட்டக் குடியிருப்புகளிலும் கண்டு எழுதிய நூல்களும் கட்டுரைகளும் உள. கொழும்பு நகரத்துக் கடைச்சிப்பந்திகளும் துறைமுகத் தொழிலாளரும் அங்ஙனம் ஓரிடத்தில் திரண்டு குடியேறியவரல்லர். ஒவ்வொருவராகத் தத்தம் சிற்றூருக்கு மீண்டு, சாத்தூரிலும் சிவகாசியிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் மளிகைக்கடையிலோ தீப்பெட்டி ஆலையிலோ கலந்து போயினர். முகாமில் இல்லாதவரை முகாமிற் சென்று தேடுதல் பயனற்றது. ஊர்த்தெருக்களில் ‘கொழும்புக்காரர் வீடு’ என வழங்கும் வீடுகளிலிருந்து தொடங்குவதே ஏற்புடைத்து; அப்பெயர் அடுத்த தலைமுறையில் வழங்குமா என்பது ஐயமே.